தேயும் குரலில் தெரியும் காற்று

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், கிருஷ்ணாபுரத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்கத்தான் இறங்குவார்கள். நரம்பும் நகமும் தெரியக் கல்லில் செதுக்கிய உருவங்களைப் பார்த்து முடித்ததும் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்கள். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. 1992 நவம்பரில் அங்கே ஒரு ரேடார் வேலை செய்யத் தொடங்கியது. ரேடார் என்றதும் நம் மனதில் வரும் சுழலும் கிண்ணம் அதற்குக் கிடையாது. திறந்த வெளியில் கம்பங்கள், கம்பங்களிலிருந்து இறங்கும் கம்பிகள், அவ்வளவுதான். மேலிருந்து திரும்பி வரும் அலையைக் கேட்பதற்கென்று மூன்று ஆன்டெனாக்கள், ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில்.

வானத்துக்கு அனுப்பிய அலை சீராகத் திரும்பி வராது. ஏறும், இறங்கும், சில நொடி அற்றுப்போகும், மறுபடி தலைகாட்டும். வானொலித் துறையில் இதை ‘ஃபேடிங்’ என்பார்கள். மங்கல் என்று நாம் சொல்லலாம். இந்த மங்கலை ஒழிப்பதற்காக நூறு ஆண்டுகளாகப் பொறியாளர்கள் பாடுபட்டு வருகிறார்கள். கிருஷ்ணாபுரத்து ரேடாருக்கோ அந்த மங்கல்தான் சரக்கு. தலைக்கு மேலே 80 கிலோமீட்டரிலிருந்து 98 கிலோமீட்டர் வரை காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை அது மங்கலிலிருந்தே கணக்கிட்டது. ஒரே தொல்லையை ஒருவர் துரத்துகிறார், இன்னொருவர் தேடிப் போகிறார். இருவர் கையிலும் இருக்கும் கருவி ஒன்றுதான்: ஒரே அலையை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நின்று கேட்பது.

எனக்கு மங்கல் முதலில் அறிமுகமானது எங்கள் வீட்டுத் திண்ணையில். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா இலங்கை வானொலியைத் திருப்புவார். திருநெல்வேலிக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான். கே.எஸ். ராஜாவின் குரலும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலும் எங்களுக்கு உள்ளூர்க் குரல்கள். பாட்டு சரணத்துக்கு வரும் நேரம் பார்த்துக் குரல் தேய ஆரம்பிக்கும். கிணற்றுக்குள் இறங்குகிற வாளி மாதிரி கீழே, கீழே போகும். இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

“சத்தம் போயிட்டுல்லா, தாத்தா?”

“சித்தப் பொறுலே. போனது வரும்.”

வந்துவிடும். ஆனால் வரும்போது கொஞ்ச நேரம் குரல் உருக்குலைந்து, பித்தளைக் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டுவிட்டு, அப்புறம்தான் தெளியும். காற்றில் அலை ஆடுகிறது என்று தாத்தா சொல்வார். அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் மத்திய அலை இரண்டு வழிகளில் நம்மை வந்தடைகிறது. ஒன்று தரையை ஒட்டியே வரும் தரை அலை. கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடல்மேல் அது வெகுதூரம் தேயாமல் வரும். மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கையின் குரல் எங்கள் கரைக்குப் பகலிலும் எட்டியதற்கு அதுவே காரணம். இன்னொன்று மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் வான் அலை. பகலில் அயனி மண்டலத்தின் அடித்தட்டு, மேலேறும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் சாய்ந்ததும் அந்தத் தட்டு கலைந்துபோகும், வான் அலை தப்பித்துக் கீழே வரும். ஆகவே இரவில் ஒரே பாட்டு இரண்டு வழிகளில் வந்து ஒரே ஏரியலில் இறங்குகிறது.

இரண்டு வந்தால் இருமடங்காகத்தானே வேண்டும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. அலைக்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு. மேடும் மேடும் சேர்ந்தால் உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 1963-இல் தொடங்கிய நம் திருநெல்வேலி வானொலி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 1197 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். மேட்டோடு மேடு சேர்ந்திருந்த இரு அலைகள் மேட்டோடு பள்ளமாக மாற, வான் அலையின் பாதை 125 மீட்டர் நீண்டாலோ குறைந்தாலோ போதும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஒரு மின்படலம் அதற்கு நூறு மீட்டர்கூட அசைய வேண்டியதில்லை. அந்த உயரத்தில் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. எனவே குரல் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருக்கும்.

உருக்குலைந்த குரலுக்கும் விளக்கம் இதற்குள்ளேயே கிடக்கிறது. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பு ஒற்றை அதிர்வெண் அல்ல. நடுவில் தாங்கலை, இருபுறமும் பாட்டைச் சுமக்கும் பக்க அலைகள். அலைநீளம் சற்று மாறினால் கூட்டிக் கழிக்கும் கணக்கும் மாறும். தாங்கலை மட்டும் அழிந்து பக்க அலைகள் தப்பிக்கும் நொடியில், வானொலிப் பெட்டி எதை வைத்துப் பாட்டைப் பிரிப்பது என்று தெரியாமல் திணறும். பித்தளைக் குடத்துக் குரல் அப்போது பிறப்பதுதான்.

தரை அலையே எட்டாத தொலைவில், சிற்றலை ஒலிபரப்பில், நிலைமை இன்னும் மோசம். அங்கே இரண்டு வழி அல்ல, பல வழிகள். அயனி மண்டலம் வழவழப்பான கண்ணாடி அல்ல. மேடும் குழியுமாக நெளியும் பரப்பு. அதன் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசையில் அலையைத் திருப்பிவிடுகிறது.

இதை எனக்குச் சரியாக விளங்க வைத்தது எந்தப் புத்தகமும் அல்ல, ஆறு. கோடையில் தாமிரபரணியில் முழங்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடும்போது குனிந்து பாருங்கள். அடியில் மணலின்மேல் வெயில் ஒரு வலையாக விழுந்திருக்கும். பளிச்சென்ற கோடுகளும், நடுவே மங்கலான கண்ணிகளும். மேலே நெளியும் நீர்ப்பரப்பு வெளிச்சத்தை ஓரிடத்தில் குவித்து, பக்கத்து இடத்தில் குறைத்துவிடுவதால் உண்டாகும் வலை அது. நீரில் நெளிவு நகர நகர வலையும் மணலின்மேல் நகரும். மணலில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அது ஒளிரும், மங்கும், மறுபடி ஒளிரும்.

வானொலி அலையும் அப்படியே. நெளியும் அயனி மண்டலத்திலிருந்து திரும்பும் அலை நிலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலையை விரிக்கிறது. வலிமையான திட்டுகள், வலுவற்ற திட்டுகள். அந்த வலை எங்கள் திண்ணையின்மேல் நகர்ந்து போனது. நாங்கள் அந்தக் கூழாங்கல்லின் இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது இரண்டாவது கூழாங்கல்லைப் பாருங்கள், முதல் கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளி. முதல் கல் மங்கியிருக்கும்போது இது ஒளிரலாம். மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், மூன்றும் ஒரே நொடியில் மங்குவது அபூர்வம். 1920-களில் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்.எச். பெவரேஜும் எச்.ஓ. பீட்டர்சனும் கண்டுகொண்டது இதைத்தான். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் சிற்றலைத் தந்திகள் மங்கலால் எழுத்தெழுத்தாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. லாங் ஐலண்டின் ரிவர்ஹெட் நிலையத்தில், சில நூறு மீட்டர் இடைவெளி விட்டு மூன்று ஆன்டெனாக்களை நிறுத்தி, மூன்றின் வரவையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்று தூங்கும்போது மற்றொன்று விழித்திருந்தது. 1931-இல் அவர்கள் இந்த முறையை விவரித்து எழுதினார்கள். டைவர்சிட்டி ரிசப்ஷன் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பன்முக ஏற்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம்.

இதன் பலம் கணக்கில்தான் முழுதாகத் தெரியும். பல வழிகளில் வரும் அலைகள் தாறுமாறாகக் கலக்கும்போது, வலிமை எவ்வளவு நேரம் எந்த அளவுக்குக் கீழே கிடக்கும் என்பதற்கு ராலே பிரபுவின் பெயரால் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி, சராசரி ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே அலை இறங்கியிருக்கும் நேரம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. ஒரு ஆன்டெனா மட்டும் இருந்தால், மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் இழப்பு. தொடர்பில்லாமல் மங்கும் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், இரண்டும் ஒருசேர இறங்கும் நேரம் நூற்றில் ஒன்று. சுமார் 36 நொடி. மூன்றானால் ஆயிரத்தில் ஒன்று. நான்கு நொடிகூட இல்லை. ஒலிபரப்பியின் திறனைக் கூட்டி இதே பலனை அடைய வேண்டுமானால் பத்து மடங்கு, நூறு மடங்கு மின்சாரம் கொட்ட வேண்டும். இங்கே செலவு இரண்டு கம்பமும் கொஞ்சம் கம்பியும்.

‘தொடர்பில்லாமல்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இரு ஆன்டெனாக்களும் வலையின் ஒரே கண்ணிக்குள் நின்றால் இரண்டும் சேர்ந்தே மங்கும். கண்ணியின் அளவு அலைநீளத்தைப் பொறுத்தது. வானொலிப் பெட்டியைத் திண்ணையிலிருந்து முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் சத்தம் தெளியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. 250 மீட்டர் அலைக்கு எங்கள் முற்றம் எந்த மூலைக்கு? உண்மையில் பலன் தந்தது, தூக்கும்போது பெட்டி திரும்பியதுதான். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி சரியான திசைக்குத் திரும்பியதும் அலை கூடியது, இரைச்சல் குறைந்தது. ஆனால் தாத்தா வேறொரு காரியமும் செய்வார்: ஒரு மீட்டர் அலைவரிசையில் நிலையம் தேய்ந்தால் இன்னொன்றுக்கு முள்ளைத் தள்ளி, அதே நிகழ்ச்சியைப் பிடிப்பார். அது கலப்படமில்லாத பன்முக ஏற்பு. இடத்துக்குப் பதில் அதிர்வெண்ணை மாற்றுவது. நேரத்தை மாற்றியும் செய்யலாம், அதாவது அதே செய்தியைச் சற்று நேரம் கழித்து மறுபடி அனுப்புவது. அலை அதிரும் திசையை மாற்றியும் செய்யலாம். வந்த வரவுகளில் வலுவானதை மட்டும் பொறுக்கி எடுப்பது ஒரு வழி. ஒவ்வொன்றையும் அதன் தகுதிக்கேற்ற எடை போட்டுக் கூட்டுவது அதைவிடச் சிறந்த வழி. பின்னதன் கணக்கை 1954-இல் லெனர்ட் கான் காட்டினார்.

எதிர்த்திசையில் யோசித்தவர்களும் உண்டு. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் நிலையம் அது. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். 471 மீட்டர் உயரக் கோபுரம்கூட அந்த அலைக்கு முன் குட்டையானது. இவ்வளவு நீண்ட அலைக்கு அயனி மண்டலத்தின் சின்ன நெளிவுகள் ஒரு பொருட்டே அல்ல. தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே கால்வாயில் ஓடும் தண்ணீர் போல ஓடிவிடும். விடியலும் அந்தியும் பாதையைக் கடக்கும் நேரங்களில் மட்டும் கொஞ்சம் தடுமாறும்.

நம் சட்டைப் பையில் இருக்கும் செல்பேசி மறுகோடியில் நிற்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 சென்டிமீட்டருக்குள். அதன் வலையை விரிப்பது வானம் அல்ல. சுவர்கள், லாரிகள், மேம்பாலங்கள், வண்ணார்பேட்டைக் கடைகளின் இரும்புக் கதவுகள். கண்ணியின் அளவு சில சென்டிமீட்டர். அடுத்த அடி எடுத்து வைத்ததும் சிக்னல் வந்துவிடும் விந்தை இதனால்தான். பேருந்தில் போகும்போது நம் செல்பேசி அந்தக் கண்ணிகளை நொடிக்குப் பல பத்துக் கணக்கில் தாண்டிக்கொண்டு போகிறது. நாம் அதை உணராமல் பேசிக்கொண்டே போகிறோம் என்றால் உள்ளே பன்முக ஏற்பு ஓயாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது திருப்பத்துக்குத் திருப்பம் சிக்னல் போய்விடுவது வேறு நோய். அது மலையின் நிழல். அந்த நிழலுக்குள் கையகலத்தில் எத்தனை ஆன்டெனா வைத்தாலும் பயனில்லை. வேறொரு கோபுரம்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ‘டவர் இல்லை’ என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, கப்பல்களுக்கான சோனார் கருவியை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கடலுக்கடியிலும் ஒலி பல வழிகளில் வந்து குழம்பும். அந்தக் குழப்பத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகிய கை அது. பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், 1990-களின் தொடக்கத்தில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். பல வழிகளும் பல வழிகளாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வழியிலும் வெவ்வேறு செய்தியை அனுப்பினால் என்ன? அனுப்பும் முனையிலும் பல ஆன்டெனா, வாங்கும் முனையிலும் பல ஆன்டெனா. வந்து கலந்ததைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்க முடிவதே ஒவ்வொரு ஆன்டெனாவிலும் கலவை வேறு வேறாக விழுவதால்தான். அங்கே இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994-இல் வந்தது. மைமோ என்று அழைக்கப்படும் இந்த முறை இல்லாமல் இன்றைய வைஃபையும் 4ஜி-யும் 5ஜி-யும் இல்லை. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் மங்கலை வேண்டி விரும்பித் தேடியதில் பால்ராஜுக்கு முன்னோடிகள் உண்டு. வானத்தில் அலையைத் திருப்பும் படலம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்பதை நிறுவியதே மங்கல்தான். 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் பி.பி.சி.யின் போர்ன்மவுத் நிலையத்தைக் கேட்டுக்கொண்டு, அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அலை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து தரை அலைக்கும் வான் அலைக்கும் உள்ள பாதை வித்தியாசம் தெரிந்தது. அதிலிருந்து படலத்தின் உயரம், சுமார் 90 கிலோமீட்டர். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த கட்டத்தில் ஒரு இந்தியர் வருகிறார். கேம்பிரிட்ஜில் ராட்கிளிஃப், பாசி இருவரும் 1933-லேயே தள்ளித் தள்ளி ஏரியல்களை வைத்து மங்கலை ஒப்பிட்டிருந்தார்கள். 1949-இல் அதே ராட்கிளிஃபிடம் ஆராய்ச்சி செய்த எஸ்.என். மித்ரா, மூன்று ஏரியல்களில் மங்கல் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து, அயனி மண்டலத்தின் காற்றைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். பின்னாளில் அவர் அகில இந்திய வானொலியின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அவருடைய முறையைச் செம்மைப்படுத்திய பிரிக்ஸ் என்ற அறிஞர் பிறகு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் குடியேற, அங்கே இந்த வகை ரேடார்கள் வளர்ந்தன. அந்த மரபில் வந்த ஒன்றுதான் கிருஷ்ணாபுரத்தில் 1992-இல் எழுந்தது. ஒரு இந்தியரின் கையில் உருவான யோசனை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியா வழியாகத் தாமிரபரணிப் பக்கம் வந்து சேர்ந்தது.

மறுபடி ஆற்று மணலுக்கு வருவோம். மூன்று கூழாங்கற்களையும் ஒன்றாகப் பாருங்கள். ஒளிக்கோடு முதல் கல்லைத் தொட்டு, சற்று நேரத்தில் இரண்டாவதைத் தொட்டு, அப்புறம் மூன்றாவதைத் தொடுகிறது. கற்களுக்கு இடையே உள்ள தூரம் தெரியும், கடந்த நேரம் தெரியும். வலை எந்தத் திசையில் என்ன வேகத்தில் நகர்கிறது என்று சொல்லிவிடலாம். நீரின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு கல் போதாது, திசை சரியாகத் தெரியாது. ஆகவேதான் முக்கோணம்.

கிருஷ்ணாபுரத்து ரேடார் 1.98 மெகாஹெர்ட்ஸ் துடிப்புகளை நேர் மேலே அனுப்பியது. அலைநீளம் சுமார் 150 மீட்டர். கேட்கும் ஆன்டெனாக்களின் இடைவெளியும் அதை ஒட்டியதே. துடிப்பு போய்த் திரும்ப ஆகும் நேரம் உயரத்தைச் சொல்லும். 80 கிலோமீட்டரிலிருந்து திரும்ப அரை மில்லிநொடிக்குச் சற்று மேல். அந்தந்த உயரத்து எதிரொலி மூன்று ஆன்டெனாக்களிலும் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒப்பிட்டால் அந்தந்த உயரத்துக் காற்று கிடைக்கும். இதில் ஒரு அழகான நுணுக்கம் உண்டு. மேலே காற்று நொடிக்கு 50 மீட்டர் நகர்ந்தால், தரையில் வலை 100 மீட்டர் நகரும், சரியாக இருமடங்கு. சுவரில் மாட்டிய கண்ணாடியைக் கொஞ்சம் அசைத்தால் வெயில் வட்டம் எதிர்ச் சுவரில் கூடுதலாக ஓடுவதுபோல. கணக்கின் முடிவில் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். வலையே உருமாறிக்கொண்டு நகர்வதால் வரும் பிழையையும் கழிக்க வேண்டும். பிரிக்ஸின் பங்கு பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான்.

இவ்வளவு சுற்றி வளைத்து அந்த உயரத்துக் காற்றை அளப்பானேன்? வேறு வழி அரிது. பலூன்கள் பெரும்பாலும் 40 கிலோமீட்டர் போவதற்குள் வெடித்துவிடும். செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் எரிந்துவிழும். ராக்கெட் சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். எரிகற்கள் எரியும் உயரம் அது. தரைக்கும் விண்வெளிக்கும் நடுவே, பலூனும் செயற்கைக்கோளும் எட்டாத திண்ணை. அங்கே இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் காற்றைக் கவனிக்கத் தரையில் நிற்கும் மூன்று கம்பிகளே போதுமாயின. எஸ். குருபரன், ஆர். ராஜாராம் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளிலிருந்து, கடலில் ஓதம் ஏறி இறங்குவதுபோல் அங்கே காற்றிலும் ஒவ்வொரு நாளும் ஓதம் எழுந்து விழுவதையும், மேற்குக் காற்றும் கிழக்குக் காற்றும் ஆண்டுக்கு இரு சுற்று மாறி மாறி வீசுவதையும் எடுத்துக்காட்டினார்கள். ரேடார் காட்டுவது எப்போதும் காற்றுதானா என்றும் அவர்களே கேட்டார்கள். மேல் உயரங்களில் பகல் வேளையில், நிலநடுக்கோட்டு மின்னோட்டத்தின் சாயல் அதில் கலந்திருப்பதை 2000-இல் சுட்டிக்காட்டினார்கள். தன் கருவியின் எல்லையைத் தானே அளந்து சொல்வது எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் குணம்.

அந்த மின்னோட்டம் இருப்பதால்தான் இந்த ஊருக்கு இவ்வளவு மதிப்பு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு முற்றிலும் இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாக, திருநெல்வேலிக்கு மிக அருகில் போகிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டதும் இந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன், 1855-இல் அகத்தியமலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேல் ஒரு காந்த ஆய்வகம் கட்டினார். தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் காந்த ஊசிகளைத் தொங்கவிட்டு அவற்றின் நடுக்கத்தைக் குறித்தார்கள். அட்டையும் மழையும் மூடுபனியும் உள்ள அந்த மலையில் ஒரு இரவு தங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று தெரியும்.

காந்த நடுக்கோட்டின் இரவுகள் தனி. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி வேகமாக வற்றிப்போக, அடர்ந்த மேல்பகுதி அந்தரத்தில் நிற்கும். எண்ணெயின்மேல் தண்ணீரை ஊற்றி நிறுத்திவைத்த நிலை. நிலைக்குமா? எங்கோ ஓரிடத்தில் சிறு நெளிவு தோன்றி, வெறுமையான அடிப்பகுதி குமிழியாகப் பொங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறிவிடும். இந்த நிலைகுலைவுக்கும் ராலேயின் பெயர்தான், டெய்லரின் பெயரோடு சேர்த்து. மங்கலின் கணக்கிலும் அவர், மங்கலின் காரணத்திலும் அவர். குமிழிக்குள் நுழையும் செயற்கைக்கோள் அலை சிதறி, தரையில் வேகமாகச் சிமிட்டும் வலையாக விழுகிறது. விண்மீன் கண்சிமிட்டுவதுபோலவே இதுவும். சூரியனில் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும் இது அதிகம். ஜி.பி.எஸ். தடுமாறுவது அப்போதுதான். இந்த வலையின் கண்ணிகள் பல நூறு மீட்டர் அகலம். ஒரு படகின்மேல் இரண்டு ஆன்டெனா வைத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் ஜி.பி.எஸ். வானத்தின் பல திசைகளிலிருந்தும் செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் குமிழி நிற்பதில்லை. பெவரேஜின் மூன்று ஆன்டெனாக்களை வானத்துக்கு ஏற்றிவைத்ததற்குச் சமம் அது.

திருநெல்வேலியில், பூமியோடு சேர்ந்தே சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் 251 மெகாஹெர்ட்ஸ் அலையை, காந்தக் கிழக்கு மேற்காகச் சற்றுத் தள்ளி வைத்த இரண்டு ஏற்பிகளால் இரவுதோறும் பதிவு செய்தார்கள். இங்கே இரண்டு போதும், ஏனென்றால் வலை கிழக்கு மேற்காகவே நகரும் என்று முன்பே தெரியும். அர்ச்சனா பட்டாச்சார்யாவும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தப் பதிவுகளை வைத்துக் குமிழிகளின் நகர்வையும் அவற்றின் உள்ளே நடக்கும் கொந்தளிப்பையும் பிரித்துப் படித்தார்கள். புதிதாகப் பிறந்த குமிழியின் வலை, மேற்கு ஏற்பியிலும் கிழக்கு ஏற்பியிலும் ஒன்றுபோல் விழுவதில்லை. நகரும்போதே உரு மாறிக்கொண்டிருக்கும். நேரம் ஆக ஆக மேலே கொந்தளிப்பு அடங்கும், இரு பதிவுகளும் நகல் எடுத்ததுபோல் ஒத்துவரும். இரண்டு பதிவுகளின் ஒற்றுமையைப் பார்த்தே, 300 கிலோமீட்டர் மேலே குமிழிக்கு என்ன வயது என்று சொல்லலாம்.

அந்தக் குமிழிகள் இரவில் நகரும் திசை கிழக்கு. வேகம் நொடிக்கு ஏறத்தாழ நூறு மீட்டர். பொதிகைக்கு நேர் மேலே மாலை ஏழரைக்கு ஒரு குமிழி நின்றால், பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை, கிருஷ்ணாபுரம், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் போக்கிலேயே வந்து, எட்டு மணிக்கு முன்பு புன்னைக்காயலில் கடலுக்கு மேலே போயிருக்கும்.